கல்லைக் கணக்கெடுக்கச் சென்ற கலாயோகி

உத்தியோகம் புருஷ இலட்சணம் என்பது எம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. நாவலப்பிட்டியிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் பிறந்து, எம்மிடம் தமிழ் கற்ற மாணவர் பலர், பரீட்சைப் பெறுபேறு வெளிவந்த மறுவாரமே நற்சான்றுப் பத்திரம் வேண்டி எம்மை நாடி வருவது வழக்கம். அவருட் சிலர் பிரதேச செயலகத்துக் காணிப் பகுதிக்கும், சிலர் நில அளவைத் திணைக்களத்துக்கும், இன்னுஞ் சிலர் கனிப்பொருள் அகழ்வுக்கு அனுமதி வழங்கும் அலுவலகங்களுக்கும் முதற்படி உத்தியோகம் ஏற்றுச் செல்ல விரும்புவோர். பத்திரத்தைக் கையிற் கொடுக்கும்போது, அவர்களுக்குச் சொல்ல வேண்டிய அறிவுரை ஒன்று எமது நாவளவில் வந்து நின்றுவிடுவதுண்டு. இம்மலரிலே அதனை ஒரு பெரியாரின் வாழ்க்கை வாயிலாகச் சொல்ல விழைகின்றோம்.

அப்பெரியார் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. நடராச வடிவத்தின் உட்பொருளை மேல்நாட்டார்க்கு விளக்கியவர் என்றும், கீழைத்தேயக் கலைகளின் பெருமையை உலகறியச் செய்தவர் என்றும் அவரை யாவரும் அறிவர். அவர் முதன்முதல் ஏற்ற அரசாங்க உத்தியோகம் கல்லையும் மண்ணையும் ஆராயும் உத்தியோகம் என்பதை அறிந்தோர் சிலரே. அந்த உத்தியோகத்தின் பொருட்டு இம்மலைநாட்டுக் கிராமங்களில் அவர் நடந்த நடையே அவரைக் கலையின்பால் ஈர்த்தது என்பதை அறிந்தோர் அவரினும் சிலர்.

ஆனந்தர் 1877ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 22ஆம் நாள் கொழும்பிலே கொள்ளுப்பிட்டியிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி. அவர் இங்கிலாந்திலே நியாயவாதிப் பட்டம் பெற்றுச் சட்டநிரூபண சபையில் வீற்றிருந்தவர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் ஆக்கி 1863இல் இலண்டனில் வெளியிட்டவர். தாயார் எலிசபெத் கிளே பீபி என்னும் ஆங்கிலப் பெருமாட்டியார். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் சேர் முத்துவின் சகோதரியார் மக்கள். ஆகவே ஆனந்தருக்கு அத்தை மக்கள்.

குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன் தாயார் அவரை அழைத்துக்கொண்டு இங்கிலாந்து சென்றார். பின்தொடர்ந்து செல்ல ஆயத்தமாயிருந்த தந்தையார் 1879ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் கொழும்பிலே காலமானார். தந்தை முகம் நினைவிலின்றி, தந்தை மொழி காதில் விழாது, அந்நிய மண்ணிலே வளர்ந்தார் மகனார். குளொஸ்ரர் மாகாணத்து விக்கிளிவ் கல்லூரியிற் பயின்று, பின்னர் இலண்டன் யூனிவேசிற்றிக் கல்லூரியிற் சேர்ந்து, 1900ஆம் ஆண்டிலே புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் முதல் வகுப்பிற் சித்தியெய்தி விஞ்ஞானப் பட்டதாரியானார்.

அவருடைய இளமைக்கால ஆராய்ச்சியின் பொருள் யாது என்று நோக்குவோமாயின் வியப்பே மேலிடும். இங்கிலாந்தின் பாறைகளைப் பற்றி எழுதி எளிதிற் பெயர்பெற்றிருக்கலாம். அவரோ பிறந்த நாட்டின் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். அது 1900இல் இலண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. தொடர்ந்து 1902இல் இலங்கையின் பளிங்குருச் சுண்ணாம்புக் கற்களைப் பற்றியும் எழுதினார். கண்டிப் பகுதியிலே சுண்ணாம்புச் சூளைகளைக் கண்டிருக்கும் எம் மாணவர்க்கு அக்கல் புதியதன்று.

1902இலே எதெல் மேரி பார்ட்றிட்ஜ் என்னும் அம்மையாரை மணந்து, துணைவியாரோடு இலங்கைக்கு வந்தார் ஆனந்தர். அக்காலத்திலே குடியேற்ற நாடுகளின் மண்ணில் எவ்வெப் பொருள் புதைந்து கிடக்கின்றது, அதனால் ஆலைகளுக்கும் வாணிகத்துக்கும் என்ன பயன் என்று அறிவதற்கு இலண்டனிலுள்ள ஏகாதிபத்தியக் கழகம் முயன்றுகொண்டிருந்தது. அம்முயற்சியின் ஒரு பகுதியாக 1903இல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதி நிறுவப்பட்டது. அதன் முதல் அதிபராக நியமனம் பெற்றவர் ஆனந்த குமாரசுவாமி. அப்பொழுது அவருக்கு வயது 25 அளவே. பதவியின் பெயர் பெரிது. பகுதியோ மிகச் சிறிது. மேசையிலிருந்து கட்டளையிடும் அதிபராக இருத்தல் அங்கே இயலாது. அவரே நடந்தார், அவரே கல்லை உடைத்தார், அவரே குறிப்பெழுதினார்.

அவ்வேலையின் இயல்பைச் சிறிது கூறுவோம். ஓடைகளிலும் ஆற்றுப் படுகைகளிலும் மணலையும் பரலையும் வாரித் தட்டத்திலிட்டு நீரில் அரித்தால், பாரமற்றவை நீரோடு போகப் பாரமானவை அடியிலே தங்கும். அவ்வாறு தங்கிய பரல்களை ஆராய்ந்து, மேலே எந்தப் பாறையிலிருந்து அவை வந்தன என்று ஊகித்து, அப்பாறையைத் தேடிச் செல்லுதல் வேண்டும். மாதிரிகளைப் பொதி செய்து, எடுத்த இடத்தைக் குறித்து, இலண்டனுக்கு அனுப்புதல் வேண்டும். ஆண்டுதோறும் அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதுதல் வேண்டும். புகையிரதம் 1874இலேயே நாவலப்பிட்டி வரை வந்துவிட்டதாயினும், கனிப்பொருள் தேடுவோன் புகையிரத நிலையத்தில் நின்று எதனையும் கண்டுவிட முடியாது. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் கணவரும் மனைவியாரும் கண்டி நாட்டுக் கிராமங்களுக்கூடாகச் சென்றனர், கூடாரமிட்டுத் தங்கினர்.

உழைப்பு வீண்போகவில்லை. கண்டிக்கு அண்மையிலே அம்பகோட்டைப் பகுதியிலுள்ள கங்காபிட்டிய என்னும் இடத்திற் கிடைத்த நீலநிறக் கனிப்பொருள் ஒன்றை, பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த பிறயர் என்பாரோடு சேர்ந்து ஆராய்ந்து, அஃது உலகம் அதுவரை அறியாத புதுப்பொருள் என்று 1903இல் வெளியிட்டார். அராபியர் இத்தீவுக்கு இட்டு வழங்கிய செரண்டிப் என்ற பழம்பெயரால் அதற்குச் செரண்டிபைற்று என்று பெயரிடப்பட்டது. இன்றும் அது மிக அரிய மணிகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது.

இதனினும் பெரும்புகழ் பெற்றது 1904ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு. சபரகமுவ மாகாணத்துப் பலாங்கொடைப் பகுதியிலே, மணிக்கல் அரிக்கும் பரலிடையே, கனசதுர வடிவான கரிய கல் ஒன்று கிடைத்தது. நீரைப்போல் ஒன்பது மடங்குக்கு மேற்பட்ட பாரமுடையது அது. யுரேனியம் செறிந்த ஒரு கனிப்பொருளாகலாம் என்று ஆனந்தர் முதலிற் கருதினார். இலண்டனிலே ஏகாதிபத்தியக் கழகத்தின் தலைவர் டன்ஸ்ரன் என்பார் அதனைப் பகுத்தாராய்ந்து, அதில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் தோரியம் என்னும் உலோகத்தின் ஒட்சைட்டு உண்டு என்று கண்டு, தோரியனைற்று என்று பெயரிட்டார். திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் ஒரு காலத்தில் எரிந்த காற்று விளக்குகளை மூத்த வாசகர் மறந்திரார். அவ்விளக்கின் வலையை வெண்ணிறமாக ஒளிரச் செய்தது இந்தத் தோரியமே. நகரங்கள் வாயு விளக்கால் ஒளிபெற்ற அந்நாளிலே அதற்கிருந்த விலைமதிப்பைச் சொல்ல வேண்டுவதில்லை.

விஞ்ஞான உலகிலும் அக்கல் ஒரு வாயிலைத் திறந்தது. இலண்டனிலே சேர் வில்லியம் றாம்சேயின் ஆய்வுகூடத்துக்கு வந்திருந்த ஒற்றோ ஹான் என்னும் ஜெர்மானிய இளைஞர், இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பிரித்தெடுத்த உப்பை ஆராய்ந்து, 1905இல் கதிர்த்தோரியம் என்ற புதுப்பொருளைக் கண்டார். அணுக்கருவைப் பிளக்கலாம் என்று 1938இல் நிறுவியவரும் நோபெற் பரிசு பெற்றவரும் அவரே. பலாங்கொடைப் பரலுக்கும் அணுவியலின் வரலாற்றுக்கும் இத்தகைய உறவு உண்டு.

இவ்வளவோடு நின்றிருந்தால் ஆனந்தர் திறமைமிக்க அரசாங்க உத்தியோகத்தர் ஒருவராகவே எண்ணப்பட்டிருப்பார். கல்லைத் தேடிச் சென்றவர் கண்ட வேறொரு காட்சியை இனிக் கூறுவோம். அதனை விளக்குவதற்கு இந்நாட்டுக் காணியுரிமையின் வரலாற்றைச் சிறிது தொட்டுக் காட்டுதல் அவசியமாகும்.

ஒரு குன்றின் அடியில் என்ன கல் உண்டு என்ற வினாவோடு, அக்குன்று யாருடையது என்ற வினாவும் பிறக்கின்றது. கண்டியரசர் காலத்திலே நிலமும் ஊழியமும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. கொல்லன், தட்டான், தச்சன், சித்திரகாரன், குயவன் முதலியோர் அரசனிடமோ விகாரையிடமோ தேவாலயத்திடமோ வயற்பங்கு பெற்று, அதற்கீடாகத் தத்தம் தொழிலாற் சேவை செய்தனர். விளைச்சல் வயிற்றுக்கு, தொழில் தெய்வத்துக்கும் வேந்தனுக்கும். கூலிக்கு அலையாத கை, ஒரு பேழையைச் செதுக்குவதற்கு எத்துணைக் காலம் வேண்டுமோ அத்துணைக் காலத்தையும் எடுத்துக்கொண்டது.

1815இல் கண்டியரசு ஆங்கிலேயர் கைப்பட்டது. 1832இல் அரச ஊழியமாகிய இராசகாரிய முறை நீக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்றே. ஆயினும் கைவினைஞனைத் தாங்கி நின்ற தூண்களுள் ஒன்று அதனோடு சரிந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்கே உரியன என்று கொண்டது. கண்டி நாட்டுச் சேனை நிலத்துக்குச் சன்னஸ் என்னும் அரச பட்டயம் முதலிய சான்று காட்டல் வேண்டும் என்றாயிற்று. பாட்டன் பூட்டன் காலந்தொட்டு மரையும் மாடும் மேய்ந்த காட்டுக்குக் கிராமத்தவன் எந்தப் பட்டயத்தைக் காட்டுவான்? காடுகள் முடிக்குரியனவாகிக் கோப்பித் தோட்டங்களாயின. கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களாயின. 1870ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விகாரை, தேவாலயக் காணிகளின் ஊழியங்கள் பதிவு செய்யப்பட்டு, ஊழியத்துக்குப் பதிலாகப் பணம் செலுத்தவும் வழி வகுக்கப்பட்டது.

இம்மாற்றங்களின் விளைவைக் கனிப்பொருள் அதிபர் கிராமந்தோறும் கண்ணாரக் கண்டார். இரும்பு எங்கே கிடைக்கும் என்று தேடிச் சென்றபோது, பலாங்கொடைப் பக்கத்திலே உள்ளூர் மண்ணை உருக்கி இரும்பும் உருக்கும் செய்யும் பழந்தொழில் அறிந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலராய் எஞ்சியிருக்கக் கண்டார். கப்பலில் வந்த மலிவான இரும்பின் முன் அவர் உலைகள் அவிந்துகொண்டிருந்தன. கல்லைக் குறித்த குறிப்புப் புத்தகத்திலே உலையின் அளவையும் துருத்தியின் அமைப்பையும் கொல்லனின் முறையையும் குறித்துக்கொண்டார். அதுவே தொடக்கம். பின்னர் விகாரைகளின் சுவரோவியங்களையும், மரச் செதுக்கல்களையும், தந்த வேலையையும், அரக்கு வேலையையும், பாய் பின்னலையும் குறிக்கலானார். கண்டிக்கு அண்மையிலுள்ள தெகல்தொருவ விகாரை ஓவியங்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. எதெல் அம்மையார் அவற்றையும் பிறவற்றையும் நிழற்படமெடுத்தார்.

மேலெழுந்தவாரியாக நோக்கும் ஒருவர், பழங்கலை அழிகின்றதே என்று இரங்கி அமைந்திருப்பர். ஆனந்தர் ஏன் அழிகின்றது என்று வினவினார். ஊழியக் காணிகளைப் பற்றி அரசாங்கத்தார் தொகுத்து வைத்திருந்த பதிவேடுகளைப் படித்தார். இன்ன விகாரைக்கு இன்ன குடும்பம் இன்ன வயலுக்காக ஆண்டுதோறும் இன்ன பொருள் செய்து கொடுத்தல் வேண்டும் என்ற அலுவலகக் கணக்குகளிலிருந்து ஒரு சமுதாயத்தின் வாழ்வையே மீட்டெடுத்தார். எழுதுவினைஞர் சலிப்போடு நிரப்பிய பதிவேடு, அதனைப் படிக்கத் தெரிந்தவர் கையிலே சரித்திரமாயிற்று.

அறிந்ததை அறிந்தபடியே வைத்திருக்க அவர் மனம் ஒப்பவில்லை. 1905இலே கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று வரைந்தார். பழைய விகாரைகளையும் தேவாலயங்களையும் இடித்துப் புதுப்பிப்பதை விடுத்துப் பேணவேண்டும் என்றும், பரம்பரைக் கைவினைஞர்க்கு வேலை கொடுத்து ஆதரிக்கவேண்டும் என்றும் அதிற் கேட்டுக்கொண்டார். அதே ஆண்டில் இலங்கைச் சமுதாயச் சீர்திருத்தச் சங்கம் தோன்றிற்று. ஆனந்தர் அதன் தலைவரானார். மறுவருடம் அதன் சஞ்சிகை வெளிவரலாயிற்று. இரவல் இறகுகள் என்று பொருள்படும் தலைப்பிலே, உடையிலும் நடையிலும் பிறரைப் பின்பற்றித் தம்மை மறப்பதன் இழிவை விளக்கி ஒரு சிறு நூலும் கண்டியில் அச்சாயிற்று. தாய்மொழி வழிக் கல்விக்காகவும் இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகத்துக்காகவும் அவர் வாதாடினார். தந்தை மொழி கேளாது வளர்ந்தவர் பிறர் பிள்ளைகட்கு அவரவர் மொழி கிடைக்கவேண்டும் என்று உழைத்ததை எண்ணுந்தோறும், தமிழாசிரியராகிய எமக்கு நெஞ்சம் நெகிழ்கின்றது.

அரசாங்கச் சம்பளம் பெறும் ஒருவர், குடியேற்ற ஆட்சியால் விளைந்த கேட்டை இவ்வாறு எடுத்துக்கூறத் துணிந்தார் என்பது கருதத்தக்கது. அதற்காகத் தம் கடமையிற் குறை வைத்தாரல்லர். அறிக்கைகளை ஒழுங்காக எழுதினார். கனிப்பொருள் ஆராய்ச்சியாற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அவர் அப்பதவியில் இருந்தது 1906 வரையுமே. அதன்பின் இந்தியாவிற் சஞ்சரித்து, இங்கிலாந்து சேர்ந்து, மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூலை எழுதினார். கவிஞரும் கைவினைஞருமாகிய வில்லியம் மொறிஸ் முன்னர் நூல் அச்சிட்ட அதே கையச்சுப் பொறியிலே, 425 பிரதிகளாக, 1908இல் அது நிறைவெய்தியது. கனிப்பொருள் அதிபராகத் திரிந்த காலத்தில் திரட்டிய செய்திகளே அந்நூலின் அடித்தளம்.

எஞ்சிய வரலாறு உலகறிந்தது. இராசபுத்திர ஓவியம் பற்றிய நூல் 1916இல் வந்தது. 1917இல் அமெரிக்காவிலே பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையின் இந்தியக் கலைப் பகுதிக்குக் காப்பாளரானார். சிவ நடனம் என்னும் கட்டுரைத் தொகுதி 1918இல் வெளிவந்தது. முப்பது ஆண்டு அங்கே உழைத்து, 70 வயது நிரம்பியதும் ஓய்வு பெற்று இந்தியாவுக்குத் திரும்ப எண்ணியிருந்தவர், 1947ஆம் ஆண்டு செத்தெம்பர் 9ஆம் நாள் நீடம் என்னும் ஊரிலே தம் இல்லத்தில் உயிர்நீத்தார். கொழும்பு மாநகரிலே ஒரு வீதி இன்று அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

பெரியாரின் வாழ்க்கையிலும் யாம் நிறைவு காணாத இடம் ஒன்று உண்டு. கண்டிக் கிராமத்தவன் இழந்த காட்டிலே தேயிலை நட்டு வளர்த்தவன் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளி. ஆனந்தர் இந்நாட்டில் நடந்த காலத்திலே மலைச்சரிவெங்கும் அவன் லயன் வரிசைகள் நின்றன. ஒருவன் நிலத்தை இழந்தான். மற்றவன் நிலத்துக்கு உழைத்தும் உரிமை பெற்றிலன். சிங்களக் கைவினைஞரைப் பற்றிய அப்பெருநூலிலே லயனில் வாழ்ந்தவனுக்கு இடமில்லை. நூலின் பொருள் அதுவன்று என்பது மெய். எனினும் இருவர் துன்பமும் ஒரே காணிச் சட்டத்தின் இரு பக்கங்கள் என்பதை எழுதும் பணி பின்வந்தோர்க்கே விடப்பட்டது. எம் மாணவருட் பலர் அந்த லயன்களின் பிள்ளைகள். வேறு பலர் அவற்றின் பேரப்பிள்ளைகள். இன்றும் தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தாம் தலைமுறையாய் வாழும் அறைக்கும் முற்றத்துக்கும் உறுதி கிடையாது.

1903இல் ஒரு சிறு பகுதியாகத் தோன்றிய ஆய்வின் வழிவந்ததே இன்றைய புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் அதனை நிறுவியது. நிலம் யாருடையதாயினும், அதிலுள்ள கனிப்பொருள் குடியரசுக்கே உரியது என்பது அச்சட்டத்தின் கொள்கை. ஆராய்வதற்கும், அகழ்வதற்கும், கொண்டுசெல்வதற்கும், விற்பதற்கும் தனித்தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். எமதூரை அணைத்தோடும் மகாவலியின் மணலும் அவ்விதிக்கு உட்பட்டதே. ஆகவே அனுமதி கோரும் ஒவ்வொரு விண்ணப்பத்தின் பின்னாலும் ஆற்றங்கரையில் வாழ்வோர் உளர். கரை இடிந்தாற் போவது அவர் வீடு. காணிக் கோவை ஒவ்வொன்றின் பின்னாலும் எல்லைக் கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கும் குடும்பம் ஒன்று உண்டு.

இளைஞர்காள், முதல் நாள் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மேசையும் ஒரு கட்டுக் கோவையுமே. வேலை சிறிது என்று மனஞ் சலியாதீர்கள். விண்ணப்பத்திற் குறித்த நிலத்தை இயலுமாயின் ஒருமுறை நடந்து பாருங்கள். எழுதத் தெரியாதவர் வந்து நின்றால், அவர் சொல்லும் எல்லையை அவர் சொற்படியே கேட்டுப் பிழையின்றி எழுதுங்கள். இருக்கை கொடுத்துக் கேளுங்கள். சிங்களம் பேசுவோராயினும் தமிழ் பேசுவோராயினும் அவரவர் மொழியிற் பதில் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் இன்று நிரப்பும் பதிவேட்டை நூறாண்டு கழித்து ஒருவர் திறந்து பார்க்கக்கூடும். அதில் ஒரு குடும்பத்தின் பெயர் விடுபட்டுப் போயிருந்தால், அக்குடும்பம் அந்த மண்ணில் வாழ்ந்தது என்பதற்கே சான்றில்லாது போகும்.

ஆனந்தரைப்போற் பெருநூல் எழுதுதல் எல்லார்க்கும் கைகூடுவதன்று. கல்லை எண்ணச் சென்ற இடத்தில் கல்லின்மேல் நின்ற மனிதரைக் கண்ட அவர் கண் எல்லார்க்கும் வாய்க்கக் கூடியது. அடுத்த முறை நற்சான்றுப் பத்திரம் கேட்டு வரும் மாணவர்க்கு இம்மலரின் பிரதியொன்றையும் சேர்த்துக் கொடுக்க எண்ணியுள்ளோம். அவர்கள் உத்தியோகத்தால் ஊர் உயர்க.